பத்து நாள், ஒரு கார்: யெல்லோஸ்டோனா, கிளேசியரா, பான்ஃபா?

ராக்கி மலைத்தொடருக்குக் காரில் போகலாம் என்று முடிவெடுத்தவர்கள் வரைபடத்தைத் திறந்ததும் செய்கிற முதல் காரியம், மூன்று பூங்காக்களையும் ஒரே கோட்டில் கோப்பதுதான். தெற்கே வயோமிங்கில் யெல்லோஸ்டோன், நடுவே மொன்டானாவில் கிளேசியர், வடக்கே கனடாவில் பான்ஃபும் ஜாஸ்பரும். கோடும் ஏறக்குறைய நேராகத்தான் விழுகிறது. பத்து நாள் விடுமுறை இருக்கிறது, போய்விடலாம் போலத்தான் தோன்றும்.

அப்படிப் போகாதீர்கள். யெல்லோஸ்டோனிலிருந்து கிளேசியருக்கு ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும். அங்கிருந்து பான்ஃபுக்கு எல்லைச் சோதனையோடு சேர்த்து இன்னொரு பகல். விமான நிலையத்துக்கு வருவதும் திரும்புவதுமாக இரண்டு நாள் கழிந்துவிடும். மிச்சமிருப்பதை மூன்றாகப் பிரித்தால் ஓர் இடத்துக்கு இரண்டு நாள் தேறுகிறது. மலையில் மேகம் இறங்கினால் அதிலும் ஒன்று போச்சு. ஒரு நாட்டில் எடுத்த வாடகைக் காரை இன்னொரு நாட்டில் விட்டுவிட்டுப் பறப்பதும் லேசில் நடக்காது. ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

மூன்று இடங்களுக்கும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஆட்களோடு போய் வந்திருக்கிறேன். எது அழகு என்று கேட்டால் பதில் கிடைக்காது, மூன்றுமே அழகுதான். நான் கேட்கச் சொல்கிற கேள்வி வேறு: அந்தப் பயணத்தில் சாலைக்கு என்ன வேலை? யெல்லோஸ்டோனில் சாலை ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குக் கொண்டு போய் விடுகிறது. பான்ஃபிலிருந்து ஜாஸ்பர் போகும்போது சாலையே காட்சி. கிளேசியரிலும் சாலைதான் காட்சி, ஆனால் அது எப்போது திறக்கும், எந்த வண்டியை விடும் என்பது நம் கையில் இல்லை. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

யெல்லோஸ்டோனிலிருந்து தொடங்குகிறேன், பெரும்பாலோர் நினைப்பில் முதலில் வருவது அதுதான் என்பதால். 1872-இல் அறிவிக்கப்பட்டது, உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பொதுவாகச் சொல்லப்படுவது. ஏறக்குறைய 9,000 சதுர கி.மீ. பரப்பு. உள்ளே 8 என்ற எண்ணைப் போல இரண்டு வளையமாக ஒரு சாலை, கிராண்ட் லூப். மொத்தம் 142 மைல், அதாவது சுமார் 229 கி.மீ. நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழகியவருக்கு இது ஒரு காலை நேர வேலை போலத் தெரியும். அங்கே உச்ச வேகமே மணிக்கு 45 மைல்தான். அதையும் தொடுகிற வாய்ப்பு குறைவு, ஏனென்றால் சாலை காட்டெருமைகளுக்கும் சேர்த்துத்தான்.

ஜூன் மாதம் ஒரு மாலை, ஹேடன் பள்ளத்தாக்கில் நாங்கள் நாற்பது நிமிடம் நின்றோம். முன்னால் இருபது, முப்பது வண்டிகள். எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம். மந்தை எதிர்த்திசையில் வண்டிகளுக்கு நடுவே நடந்து வந்தது. தார் மேல் குளம்பு படும் சத்தம் முதலில் கேட்டது. அப்புறம் ஒரு பெரிய காளை எங்கள் பக்கக் கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. குளிர்கால ரோமம் உதிர்கிற காலம், தோளில் அது கொத்துக் கொத்தாகப் பிய்ந்து தொங்கியது. அதன் கண் என் அப்பாவின் கண்ணுக்கு நேர் உயரத்தில் இருந்தது. ஒரு மூச்சு விட்டுவிட்டு நகர்ந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் வட்டமாக ஆவி படிந்து, மெல்ல மறைந்தது. அப்பா அதற்குப் பிறகு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பூங்காவில் வேறென்ன பார்த்தார் என்று கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வார்.

காருக்குள் இருக்கும்போது அது தானாக நெருங்கி வரலாம். இறங்கி நின்றால் நாம்தான் விலக வேண்டும். காட்டெருமைக்கும் எல்க் மானுக்கும் 25 கெஜம், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம் என்பது பூங்காவின் விதி. சாதுவாக மேய்கிற காட்டெருமை மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடக்கூடியது. படம் எடுக்கிற ஆசையில் குழந்தைகளை அதன் முன்னால் நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிற்றைப் பிசைந்தது.

விலங்குகளுக்கு அடுத்து வெந்நீர். ஆவி, சேறு, ஊற்று என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வெப்ப இடங்கள், அவற்றில் ஐந்நூறுக்கும் மேல் பீறிட்டடிக்கும் வெந்நீர் ஊற்றுகள். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒருமுறை எழும்பும், அடுத்தது எப்போது என்று அங்கேயே எழுதிப் போட்டிருப்பார்கள். ஆனால் அதைப் பார்த்ததும் காருக்குத் திரும்பிவிடாதீர்கள். அதற்குப் பின்னால் விரியும் அப்பர் கெய்சர் பேசினில் தளம் போட்ட பாதையும் பலகை நடைபாதையும் உண்டு. முட்டி வலிக்காரர்களும் நடக்கலாம், சக்கர நாற்காலியும் நல்ல தூரம் போகும். பலகையை விட்டு மட்டும் கால் கீழே போகக் கூடாது. மேலே மெல்லிய ஓடுதான், அடியில் கொதிநீர்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மலை பார்க்கப் போகிறோம் என்ற நினைப்போடு யெல்லோஸ்டோனுக்குப் போனால் ஏமாற்றமாக இருக்கும். அது பழைய எரிமலை ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கும் பீடபூமி. மணிக்கணக்கில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ‘லாட்ஜ்போல்’ என்ற வகைப் பைன் மரங்கள்தான் வரும். மலை வேண்டுமென்றால் தெற்கு வாயில் வழியாக இறங்கி கிராண்ட் டீட்டனுக்கு வர வேண்டும். அது 1929-இல் உருவான தனிப் பூங்கா. அடிவாரக் குன்றுகள் எதுவும் இல்லாமல், சமவெளியிலிருந்து சுமார் 7,000 அடி நேராக எழும் மலை வரிசை. உச்சி 13,775 அடி. ஆக்ஸ்போ பெண்ட் என்ற ஆற்று வளைவில் விடியும் முன்பே போய் நின்றால் முதல் வெயில் சிகரத்தில் பட்டுக் கீழே இறங்குவதை ஆற்றுத் தண்ணீரிலும் பார்க்கலாம். யெல்லோஸ்டோனுக்கு நான்கு இரவு ஒதுக்கினால் டீட்டனுக்குக் குறைந்தது இரண்டு ஒதுக்குங்கள். டீட்டனைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் எல்லோரும் பின்னால் வருத்தப்பட்டார்கள்.

இனி பான்ஃப். கால்கரியில் இறங்கி மேற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் பான்ஃப் ஊர். 1885-இல் தொடங்கிய, கனடாவின் முதல் தேசியப் பூங்கா. ஊரைச் சுற்றி நெரிசல் அதிகம்; லேக் லூயிஸ் கரையில் கோடைக்காலப் பகலில் நிற்க இடம் கிடைப்பதே பெரிய விஷயம். பக்கத்திலிருக்கும் மொரெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்தக் காரில் போகவே முடியாது, முன்பதிவு செய்து பேருந்தில்தான் போக வேண்டும். இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பான்ஃப் வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். உண்மையில் நீங்கள் போக வேண்டிய காரணம் லேக் லூயிஸுக்கு வடக்கே தொடங்குகிறது.

ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை சுமார் 230 கி.மீ. நிறுத்தாமல் ஓட்டினால் மூன்று மணி நேரம், ஆனால் நிறுத்தாமல் ஓட்டுவதற்கு அங்கே போக வேண்டியதே இல்லை. இருவழிச் சாலை, உச்ச வேகம் 90 கி.மீ., வளைவுகள் நிதானமானவை. ஊட்டி, கொடைக்கானல் கொண்டை ஊசிகளில் வயிறு புரட்டுகிறவர்கள் கூட இதில் நிம்மதியாக உட்கார்ந்து வருவார்கள். அகலமான ஒரு பள்ளத்தாக்கின் தரையில் சாலை ஓட, இரண்டு பக்கமும் சிகரங்கள் கூடவே நடந்து வருகின்றன. ஒரு வளைவு திரும்பினால் ஒரு பனியாறு, அடுத்த வளைவில் ஒரு ஏரி. ஓட்டுகிறவருக்கும் காட்சி கிடைக்கிற மலைச் சாலை இது. மலைப் பயணங்களில் ஓட்டுநர் வெள்ளைக் கோட்டை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புவார். அந்த வருத்தம் இங்கே இல்லை.

போ ஏரியில் காலை ஏழு மணிக்கு நின்றோம், காற்று எழும்புவதற்கு முன்னால். அப்புறம் இந்தச் சாலையின் மிக உயரமான இடமான போ கணவாய், சுமார் 2,070 மீட்டர். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் கீழே பேட்டோ ஏரி. அந்த நீலத்தைப் படத்தில் பார்த்தபோது ஏதோ கணினி வேலை என்றுதான் நினைத்திருந்தேன். பனியாறு நகரும்போது அடியிலிருக்கும் பாறையை மாவாக அரைக்கிறது. அந்த மாவு அடியில் தங்காமல் தண்ணீரில் மிதந்து, வெயிலில் நீலத்தையும் பச்சையையும் சிதறடிக்கிறது. அதனால் பனி நன்றாக உருகி ஓடும் ஜூலை, ஆகஸ்டில்தான் நிறம் முழுதாக ஏறும். ஜூன் தொடக்கத்தில் போனால் ஏரி இன்னும் உறைந்தே கிடக்கலாம். நிறத்துக்காக இத்தனை செலவு செய்து போகிறவர்கள் மே மாதத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று அறை போட்டுவிடக் கூடாது.

பாதி வழியில் கொலம்பியா பனிவயல். அதிலிருந்து இறங்கும் அத்தபாஸ்கா பனியாற்றின் முனைக்கு வண்டி நிறுத்தத்திலிருந்து நடக்கலாம். நடக்கும் பாதை நெடுக ஆண்டு எழுதிய பலகைகள். அந்தந்த ஆண்டில் பனி இதுவரை இருந்தது என்று பொருள். கடந்த 125 ஆண்டுகளில் அது ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருக்கிறது. ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் சரளைக்கல். என் மகள் ஒவ்வொரு பலகையிலும் நின்று, அப்போது தாத்தாவுக்கு என்ன வயது, எனக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் பனியைத் தூரத்தில் பார்த்தபோது, நான் பெரியவளாகி வந்தால் இது இருக்குமா என்று கேட்டாள். பனிமேல் மட்டும் வழிகாட்டி இல்லாமல் ஏறக் கூடாது. மேலே மூடியிருக்கும் பிளவுகளில் உயிர் போயிருக்கிறது.

ஜாஸ்பரை நெருங்கும்போது சாலை எரிந்த காட்டுக்குள் போகும். 2024 ஜூலையில் வந்த தீயில் ஊரின் கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது. கருகிய மரங்களுக்கு நடுவே ஓட்டுவது மனத்தை அழுத்தும். ஆனாலும் ஜாஸ்பரில் இரண்டு இரவாவது தங்குங்கள் என்றுதான் சொல்வேன். மறுபடி கட்டிக்கொண்டிருக்கும் ஊர், வருகிறவர்களை நம்பித்தான் இருக்கிறது. அதோடு, வந்த வழியே திரும்பும்போது அதே சாலை வேறு சாலையாகத் தெரியும். போகும்போது முதுகுக்குப் பின்னால் இருந்த சிகரங்கள் எல்லாம் எதிரே வரும்.

எண்ணெய் விஷயத்தில் கவனம். 230 கி.மீ. தூரத்தில் பெட்ரோல் கிடைப்பது சஸ்காட்சவன் ரிவர் கிராசிங் என்ற ஒரே இடத்தில், அதுவும் குளிர்காலத்தில் இல்லை. கைபேசி சிக்னலும் பெரும்பாலான தூரம் கிடையாது. வரைபடத்தை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளேசியர் எனக்கு மிகவும் பிடித்த பூங்கா. பிடித்திருந்தும், முதல் முறை போகிறவர்களுக்கு அதைச் சொல்வதில்லை.

பெயரே ஆளைத் தவறாகக் கூட்டிப் போகும். பனியாறு செதுக்கிய மலைகள் என்பதால் அந்தப் பெயர். அங்கே 2015 கணக்குப்படி பனியாறு என்று சொல்லத்தக்க அளவில் மிஞ்சியவை 26. சாலையிலிருந்து ஒழுங்காகக் கண்ணில் படுவது ஜாக்சன் பனியாறு, அதற்கென்று ஒரு காட்சிமுனை இருக்கிறது. பனியாற்றைக் கிட்டத்தில் பார்ப்பதுதான் ஆசை என்றால் அத்தபாஸ்காவுக்கே போய்விடலாம்.

கிளேசியருக்குப் போக வேண்டியது கோயிங் டு தி சன் ரோடு என்ற ஒரே ஒரு சாலைக்காக. சுமார் 50 மைல், 1933-இல் திறப்பு விழா கண்டது. மலைச்சுவரில் வெட்டி ஒட்டியது போல ஏறி, 6,646 அடியில் லோகன் கணவாயைக் கடந்து மறுபுறம் இறங்குகிறது. ஆனால் கணவாய்க்குக் கிழக்கே பல பத்து அடி உயரத்துக்குப் பனி குவிந்து கிடக்கும். அதை வாரி முடித்துச் சாலை முழுதும் திறப்பது பெரும்பாலும் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரைக்குள். அக்டோபர் மூன்றாம் திங்கட்கிழமைக்குள் மூடிவிடுவார்கள். மே மாதப் பள்ளி விடுமுறைக்கு இந்தியாவிலிருந்து பெற்றோர் வருகிறார்கள், கூட்டிப் போகலாம் என்றால் நடக்காது. 2021 முதல் சில கோடைகளில் வாகன முன்பதிவும் வைத்திருந்தார்கள், ஆண்டுக்கு ஆண்டு விதி மாறுகிறது. போகிற ஆண்டின் விதியைப் பூங்காவின் தளத்திலேயே படிக்காமல் டிக்கெட் போடக் கூடாது.

எங்களுக்கு நடந்தது இது. நான்கு பேர் சேர்ந்து 25 அடி மோட்டார் ஹோம் (படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். எங்கே போகிறோம் என்று சொல்லித்தான் எடுத்தோம், கவுன்டரில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சாலையில் அவலாஞ்ச் க்ரீக்கைத் தாண்டி ரைசிங் சன் வரை 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடிகளோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி கிடையாது. எந்தச் சாலைக்காக வந்தோமோ அதில் எங்கள் வண்டி ஏறவில்லை. பூங்காவின் பேருந்தில் இடம் பிடித்துக் கணவாய் வரை போய் வந்தோம். காட்சியில் குறையில்லை, ஆனால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. கிளேசியருக்கு என்றால் சாதாரணக் கார், அதுவும் சின்னது.

இன்னொன்று, உயரத்தைக் கண்டால் பயப்படுகிறவர்களுக்கு. மேற்கிலிருந்து கிழக்காக ஏறினால் பள்ளத்தின் பக்கம் நம் தடம். வலப்பக்க இருக்கையில் இருப்பவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் கீழே காற்றுதான். கிழக்கிலிருந்து மேற்காக வந்தால் பாறையை ஒட்டி வரலாம். என் மனைவிக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. காரில் போன இன்னொரு முறை, அதற்காகவே சுற்றிக்கொண்டு கிழக்கு வாயிலான செயின்ட் மேரி பக்கமாகப் போய் நுழைந்தோம்.

பணக்கணக்கில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. அமெரிக்கப் பூங்காக்கள் மூன்றிலும் ஒரு காருக்கு ஏழு நாளைக்கு 35 டாலர், அங்கே வசிப்பவர்களுக்கு ஆண்டு பாஸ் 80 டாலர். அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு 2026 ஜனவரி முதல் ஆண்டு பாஸ் 250 டாலர். அது இல்லாவிட்டால் யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், கிளேசியர் உட்பட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர், 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. ஊரிலிருந்து வந்த பெற்றோரோடு போகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். கனடாவில் கட்டணம் நாள் கணக்கில். ஆனால் அங்கே விசா ஒரு தடை: இந்தியப் பாஸ்போர்ட்டோடு அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவர் கனடா விசா தனியாக எடுக்க வேண்டும், கிரீன் கார்டு இருந்தால் தேவையில்லை. பெற்றோருக்கும் அதே. விசா கைக்கு வரும் வரை பான்ஃப் திட்டம் காகிதத்தில்தான்.

வயதானவர்களோடு போனால் தூங்கும் உயரத்தையும் பாருங்கள், இதை யாரும் சொல்வதில்லை. வாயில் ஊரான வெஸ்ட் யெல்லோஸ்டோனும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லும் 2,000 மீட்டருக்கு மேல். சிலருக்கு முதல் இரண்டு இரவு தூக்கம் வராது, தலை வலிக்கும். பான்ஃப் ஊர் 1,400 மீட்டருக்குச் சற்றுக் கீழே, ஜாஸ்பர் இன்னும் தாழ்வு. மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு யெல்லோஸ்டோனுக்குப் போகட்டும். என் அம்மாவுக்கு அங்கே முதல் இரவு சிரமமாகத்தான் இருந்தது, மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

காலம் என்று பார்த்தால் மூன்றுக்கும் பொருந்துவது செப்டம்பர் முதல் பாதி. கூட்டம் குறைகிறது, எல்க் மான்களின் கூவல் காலையில் கேட்கும், சாலைகள் திறந்தே இருக்கும். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வந்து மலையே தெரியாமல் போன ஆண்டுகள் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, ஜூலைதான்.

என் தீர்ப்பு இது. சிறு பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே காரில் இருந்தால், அல்லது விலங்கு பார்க்கும் ஆசை பெரிதாக இருந்தால், யெல்லோஸ்டோனும் டீட்டனும். ஓட்டுவதே பிடித்தவர்கள், மலையும் பனியும் ஏரியும் வேண்டும் என்பவர்கள், கனடா விசா உள்ளவர்கள் பான்ஃப், ஜாஸ்பர் போங்கள். ஒரே ஒருமுறைதான் போக முடியும் என்றால் நான் கைகாட்டுவதும் இதைத்தான். கிளேசியர், மலைப்பாதையில் நாளுக்குப் பத்து மைல் நடக்கத் தயாரானவர்களுக்கும், ஏற்கெனவே மற்ற இரண்டில் ஒன்றைப் பார்த்தவர்களுக்கும்.

எதுவானாலும் விமான டிக்கெட்டுக்கு முன்னால் அறையைப் பிடியுங்கள். யெல்லோஸ்டோனுக்கு உள்ளே இருக்கும் விடுதிகளில் ஓராண்டுக்கும் முன்னாலேயே பதிவு தொடங்கிவிடும். வெளியே வாயில் ஊர்களில் தங்கினால் தினமும் உள்ளே போய்த் திரும்புவதற்கே இரண்டு, மூன்று மணி நேரம் போகும், காட்டெருமை வழிவிடுகிற நேரம் தனி. இரத்தாகும் அறைகள் தினமும் திரும்பி வருகின்றன. நாங்கள் ஒன்றரை மாதம் காலையும் இரவும் தளத்தைத் திறந்து பார்த்து, ஓல்ட் ஃபெய்த்ஃபுல் பக்கத்திலேயே இரண்டு இரவு வாங்கினோம். இரவு பத்து மணிக்கு, பார்க்கிங் எல்லாம் காலியான பிறகு, அப்பாவும் நானும் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் அந்த ஊற்று எழும்புவதை நிலா வெளிச்சத்தில் பார்த்தோம். பகலில் ஆயிரம் பேர் நின்ற பெஞ்சுகளில் அப்போது மொத்தம் ஆறு பேர்.